மேற்கே போன சைக்கிள்

அத்தியாயம் 6

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கணபதிப் பகுதியில் ஒரு மாடி வீட்டின் வரவேற்பறையில், சசிதர் தன் சைக்கிளுக்காகத் துக்கம் அனுசரித்துக்கொண்டிருந்தான்.

சோபாவில் மல்லாந்து கிடந்தான். நெஞ்சின் மேல் ஹெல்மெட் இருந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில், கையுறை, பின்பக்கம் மூன்று பை வைத்த இறுக்கமான சட்டை என்று மிச்சம் மீதிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். முந்தின நாள் மாலை அவனுடைய சைக்கிள் குழுவினர் நாற்பது பேர் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஞாயிறுதோறும் இருட்டோடு எழுந்து வாளையார் வரை மிதித்து, அங்கே ஆளுக்கு இரண்டு செட் பூரி தின்று, திரும்பி வந்ததும் எரித்த கலோரியை ஊருக்கெல்லாம் அறிவிக்கும் குழு அது. அதில் இரண்டு பேர் வாய்விட்டே அழுதார்களாம்.

கிருபாசங்கருக்கு இந்தக் காட்சியைப் பார்த்ததும் செருப்பை வெளியே கழற்றியது சரிதான் என்று தோன்றியது.

"பால் எப்பங்க ஊத்தறாங்க?" என்று முதலாளியின் காதில் கேட்டான்.

உம்மல் குல்சும் முறைத்தார். கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடியில் 'தெளிவு துப்பறியும் நிலையம்' நடத்துகிறவர் அவர். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, ஐம்பது வயதில் சொந்தமாகப் பலகை மாட்டியவர். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, தோட்டம் உண்மையிலேயே அவன் பேரில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு உதவியாளன் கிருபாசங்கர். முன்பு பம்பு செட் விற்றவன். சரக்கு விற்கவில்லை, வாய் மட்டும் நன்றாக ஓடியது, அதனால் இங்கே வந்து சேர்ந்தான்.

அவர்களை அழைத்திருந்தது சசிதர் இல்லை, அவன் மனைவி மௌனிகா. அவள்தான் விவரம் சொன்னாள்.

நெதர்லாந்தில் ஐந்தோவன் என்கிற ஊரில் அவளுக்கு இரண்டு வருட வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் கொச்சியில் விமானம். இதே வாய்ப்பு முன்பு இரண்டு முறை வந்து, ஒரு முறை நாத்தனார் கல்யாணம் என்றும், ஒரு முறை 'இப்ப என்ன அவசரம்' என்றும் தள்ளிப் போனது. மூன்றாம் முறையும் தள்ளினால் கம்பெனிக்காரன் கேட்க மாட்டான். போவதென்றால் ஜோடியாகப் போங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். சசிதர் யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டான். அவனுடைய நாலரை லட்ச ரூபாய் ரோடு பைக்கும் கூட வரவேண்டும். அவன் அதைச் சைக்கிள் என்று யாரும் சொல்ல விடுவதில்லை. அவன் முதுகு திரும்பியதும் எல்லோரும் சைக்கிள் என்றுதான் சொன்னார்கள்.

சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, பெடலைத் தனியாகத் துணியில் சுற்றி, பீரோ அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியில் அதைப் படுக்கவைக்க அவனுக்கு மூன்று நாள் பிடித்தது. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு இருவரும் சோமனூரில் மௌனிகாவின் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வரப் போனார்கள். மௌனிகாவின் மாமியார் கனகம் கோவிலுக்குப் போய்விட்டார். மதியம் திரும்பி வந்தால் பெட்டி இல்லை. வேறு எதுவும் தொலையவில்லை. பூட்டு உடையவில்லை. சாவி எப்போதும் போலச் செருப்பு ஸ்டாண்டுக்குள், யாருக்கும் தெரியாத அந்த இடத்தில், தெருவுக்கே தெரிந்தபடி இருந்தது.

"அது இல்லாம வர மாட்டேங்கறாருங்க," என்றாள் மௌனிகா. குரல் தணிந்திருந்தது. "அவரு வரலைன்னா என்னையும் உட மாட்டாங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா எனக்கு எப்படி இருக்கும்னு இந்த ஊட்டுல யாருக்குமே தெரியலைங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று கிருபாசங்கருக்குத் தோன்றும் அளவுக்கு அவள் முகம் இருந்தது.

குல்சும் சோபாவின் பக்கம் திரும்பி, போலீசுக்குப் போனீர்களா என்று கேட்டார். போலீஸ், கோர்ட்டு என்று போனால் விமானம் காத்திருக்குமா என்று சசிதர் கூரையைப் பார்த்துக் கேட்டான். சைக்கிளில் இருப்பிடம் காட்டும் கருவி எதுவும் வைக்கவில்லையா என்றார் குல்சும்.

"சீட்டுக்கு அடில வெச்சிருந்தேனுங்க. பேட்டரி தீந்துபோச்சு," என்றான் சசிதர். சொல்லிவிட்டு ஹெல்மெட்டை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டான்.

அவன் மணிக்கட்டில் இருந்த கடிகாரம் இருதயம் எத்தனை முறை துடிக்கிறது, எத்தனை மணி நேரம் தூங்கினான், அதில் புரண்டு படுத்தது எவ்வளவு என்று எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தது. கிருபாசங்கர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

வெளியே வந்ததும் அவன் கேஸை முடித்து வைத்தான். திருடியது மாமியார்தான். மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று அந்த அம்மா கணபதி முழுக்கச் சொல்லியிருக்கிறார். பால்காரருக்குத் தெரியும், பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிறவருக்குத் தெரியும். சைக்கிள் போனால் பயணம் போகும். போதாததற்குக் கோவிலுக்குப் போனேன் என்கிறார். எந்தக் கோவிலில் ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை கும்பிடுகிறார்கள்?

குல்சும் தெருவைத் தாண்டினார். எதிரில் இருந்த லேத் பட்டறையில் கேமரா இருந்தது. பட்டறைக்காரர் நல்ல மனிதர், நாற்காலி போட்டுக் காட்டினார். புதன்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு ஒரு வெள்ளை நிற மினி டெம்போ வருகிறது. வீட்டு வாசலில் நிற்கிறது. ஓட்டி வந்தவர் தலையில் துண்டு, முகம் தெரியவில்லை. அவர் இறங்குகிறார். வீட்டுக்குள் போகவில்லை. டீக்கடைக்குப் போகிறார். பேப்பர் படிக்கிறார். இன்னொரு டீ. கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்பது பதினெட்டுக்கு, பள்ளிக்கூட வேனும் பட்டறை ஆட்களும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் நேரத்தில், வீட்டைத் திறந்து பெட்டியை எடுத்து டெம்போவில் ஏற்றுகிறார். பட்டறை ஆள் ஒருவர் போய் ஒரு கை பிடிக்கிறார்.

"இத்தனை நிதானமான திருடனை நான் பாத்ததே இல்லைங்க மேடம்," என்றான் கிருபாசங்கர். "நேரத்துக்கு வந்து போறதப் பாத்தா கவர்மெண்டு ஆபீசுல வேலை குடுக்கலாம். ஆனா அங்க இவரு ஒத்துவர மாட்டாருங்க."

திரும்பி வந்த குல்சும் வீட்டு கேட்டைத் தாண்டும்போது நின்றார். வாசலில் சிமெண்டுச் சரிவின் மேல் ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கி ஒட்டிக் காய்ந்திருந்தது. கிருபாசங்கர் உள்ளே போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நடந்திருந்தான்.

"இது என்ன கிருபா?"

"எலுமிச்சம்பழமுங்க. வண்டி எடுக்கறப்ப டயருக்கு அடில வெச்சு நசுக்கறது. எல்லாரும் செய்யறதுதானுங்களே."

"எல்லாரும் செய்வாங்க. திருடன் செய்வானா?"

கிருபாசங்கர் குனிந்து பழத்தைப் பார்த்தான்.

"எங்களுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது," என்றார் குல்சும். "அதனால எனக்கு உறுத்துது. உனக்குப் பழகிப்போச்சு, உன் கண்ணுக்குத் தெரியல. புதன்கிழமை ஏழரைல இருந்து ஒம்போது வரைக்கும் என்ன நேரம்?"

"எமகண்டமுங்க." யோசிக்காமலே வந்தது.

"ஒம்போதே காலுக்கு?"

"நல்ல நேரம் ஆரம்பிக்குதுங்க." சொன்ன பிறகுதான் அவனுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது.

இருவரும் மறுபடி வீட்டுக்குள் போனார்கள். சாப்பாட்டு மேசைக்கு மேல் தினசரிக் காலண்டர் மாட்டியிருந்தது. கிருபாசங்கர் வியாழக்கிழமைத் தாளைத் தூக்கிப் பிடித்து, அடுத்து வரும் வெள்ளியைப் படித்தான். அடியில் பொடி எழுத்தில் 'சூலம் மேற்கு' என்று போட்டிருந்தது. அதாவது அன்றைக்கு மேற்குத் திசையில் பயணம் ஆகாது. கொச்சியும் மேற்கு. நெதர்லாந்து அதற்கும் மேற்கு. கிருபாசங்கர் தன் நெற்றியில் தானே ஒன்று போட்டுக்கொண்டான்.

"மேடம், இது திருட்டே இல்லைங்க. பரஸ்தானமுங்க."

குல்சும் புருவத்தைத் தூக்கினார்.

"கெளம்பற நாள் சரியில்லைன்னா, அதுக்கு முன்னாடியே ஒரு நல்ல நேரத்துல, போறவங்களோட சாமானம் ஒண்ணை எடுத்துட்டுப் போயி, போற தெசைல இன்னொருத்தர் ஊட்டுல வெச்சுருவாங்க. அதோட பயணம் கெளம்பியாச்சுன்னு கணக்கு. அப்பறம் போறப்ப வழில எடுத்துக்கோணும். எங்கூட்டுலயும் செஞ்சிருக்காங்க. துண்டு வெப்பாங்க, பை வெப்பாங்க. நாலரை லட்ச ரூவா சைக்கிளை வெச்சதை இப்பத்தானுங்க கேள்விப்படறேன்."

கெடுக்க நினைக்கிறவர் எமகண்டம் கழியட்டும் என்று ஒன்றரை மணி நேரம் டீ குடிக்கச் சொல்லுவாரா என்று குல்சும் கேட்டார். பயணம் நல்லபடி நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற யாரோ செய்த வேலை இது. குல்சும் மௌனிகாவைக் கூப்பிட்டு, கொச்சி போகிற வழியில் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். மதுக்கரையில் மாமியாரின் தம்பி சென்னகேசவன் இருக்கிறார், சிமெண்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது மினி டெம்போ வைத்து ஓட்டுகிறார் என்றாள் மௌனிகா.

சமையலறையில் கனகம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குல்சும் வாசற்படியில் நின்று, மதுக்கரை வரைக்கும் ஒரு எட்டுப் போய்விட்டு வரலாமா அம்மா என்று கேட்டார். கனகத்தின் கை நின்றது. கீரையை ஒதுக்கி வைத்தார். அப்புறம் எழுந்து போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறினார். வரும்போது மகன் இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

துக்க வீடு முதல் முறையாக எழுந்து உட்கார்ந்தது. ஹெல்மெட் தரையில் உருண்டது.

"எங்க கெளம்பிட்டீங்க எல்லாரும்?" என்றான் சசிதர்.

மாமா வீட்டுக்கு என்றார் குல்சும். இந்த வெயிலில் எதற்கு என்று அவன் மிகவும் அக்கறையாகக் கேட்டான். மார்கழி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

குல்சுமின் பழைய மாருதி உக்கடம் தாண்டி, குனியமுத்தூர் நெரிசலில் ஊர்ந்து, பாலக்காட்டு ரோட்டில் வேகம் பிடித்தது. முன் சீட்டில் கிருபாசங்கர். பின்னால் மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மௌனிகாவுக்கு விஷயத்தைப் பாதி வழியில் குல்சும் சொல்லிவிட்டார். அவள் திரும்பிக் கனகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லியிருக்கலாமுல்லீங்கத்தை? நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

கனகம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கேஸ் முடிந்தது, சைக்கிள் கிடைக்கப் போகிறது, இந்த அம்மா ஏன் இன்னும் உயிர் போன மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று கிருபாசங்கர் கண்ணாடியில் பார்த்து யோசித்தான்.

மதுக்கரையில் சென்னகேசவன் வாசலுக்கே ஓடி வந்தார்.

"வாங்க வாங்க. ஏனக்கா, நாளைக்குக் காலைலதான வருவீங்கன்னு சொன்ன? உக்காருங்க எல்லாரும். மோரு குடிக்கறீங்களா, எளநி வெட்டட்டுங்களா?"

பெட்டி பூஜையறையில் இருந்தது. சாமி படங்களில் பாதி தெரியாத அளவுக்கு அடைத்துக்கொண்டு நின்றது. நான்கு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம், கைப்பிடியில் இரண்டு முழம் மல்லிகை. மேலே நூலில் பளபளவென்று ஒரு சைக்கிள் பெல் தொங்கியது.

"அத்தனை காசு குடுத்தும் கடைக்காரன் ஒரு பெல்லு வெக்கலைங்க," என்று சென்னகேசவன் வருத்தப்பட்டார். "அசலூர்ல கூட்டத்துல எப்படிப் போவான்? நான்தான் வாங்கிக் கட்டுனேன். நேத்து சசிகிட்டயும் சொன்னேன், சிரிச்சுப்போட்டு..."

அங்கேயே நிறுத்திவிட்டார். ஆனால் நிறுத்துவதற்குள் சொல்லியாகிவிட்டது. அறையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"நேத்து எத்தனை மணிக்குங்க வந்தாரு?" என்றார் குல்சும், இளநீருக்கு விலை கேட்கிற குரலில்.

சென்னகேசவன் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், பாவம், வியர்த்துவிட்டார். நாலு மணி இருக்கும் என்றார். போனைப் பார்த்துக்கொண்டே நேராக வீட்டுக்கு வந்தானாம். பெட்டியைத் திறந்து, சீட்டுக்கு அடியிலிருந்து பொத்தான் மாதிரி எதையோ கழற்றிப் பையில் போட்டுக்கொண்டானாம். இரண்டு டம்ளர் மோர் குடித்தானாம். மௌனிகாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் மாமா என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு போனானாம்.

கிருபாசங்கர் மனதுக்குள் கணக்குப் போட்டான். நாலு மணிக்கு மதுக்கரையில் மோர். ஆறரைக்குக் கணபதியில் நாற்பது பேரிடம் துக்கம். உயிரோடு இருக்கிற சைக்கிளுக்கு இரண்டு பேரை அழவிட்டு, அதையும் படுத்துக்கொண்டே பார்த்திருக்கிறான்.

"தூங்கறப்ப பொரண்டு படுத்ததுக்கே கணக்கு வெக்கறவரு பேட்டரியத் தீர உடுவாரான்னு அப்பவே நெனச்சேன்," என்றார் குல்சும். "சொல்ல மனசு வரல."

மௌனிகா பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குப் புரிய எதுவும் மிச்சமில்லை. அவனுக்குப் போக விருப்பமில்லை. மாட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. நிபந்தனை போட்டான். நிபந்தனை தானாகக் காணாமல் போனதும், கும்பிட்டு எடுத்துக்கொண்டான்.

"உங்களுக்கும் தெரியுமுங்களா அத்தை?"

கனகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலமே சொல்லிப்போட்டான் அம்மணி. அம்மா, நீ வாயத் தொறக்காத, நான் இப்படியே தப்பிச்சுக்கறேன்னான். பெத்தவ, என்ன பண்றது? மூடிட்டு இருந்துபோட்டேன். நீ ரா முழுக்கத் தூங்காம ஒக்காந்திருந்ததையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். தப்புத்தான்."

"நீங்கதானுங்களே போக வேண்டாம்னு ஊரெல்லாம் சொன்னீங்க?"

"சொன்னேன். மகன் போறான்னா எந்தத் தாய் சிரிச்சுட்டே அனுப்புவா? வாயில ஆயிரம் சொல்லுவேன். அதுக்காக நீங்க சூலத்துல கெளம்பிப் போறதப் பாத்துட்டு இருப்பனா? ஊரெல்லாம் சொல்லிப்போட்டு நல்ல நேரம் பாத்தா சிரிப்பாங்கன்னுதான் தம்பிய உட்டுச் செஞ்சேன்."

மௌனிகா போனை எடுத்துக் கணவனை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அவன் கேட்கும் முன் அவளே சொன்னாள். பெட்டி மாமா வீட்டில் இருக்கிறது. நேற்று நாலு மணிக்கு அவன் வந்ததும் தெரியும். நாளைக் காலை ஏழு மணிக்குக் கார் இந்த வழியாகத்தான் கொச்சி போகிறது. அவள் பெட்டியை ஏற்றிக்கொண்டு போகப் போகிறாள்.

மறுமுனையில் அவனுடைய கடிகாரம் இப்போது என்ன எண்ணிக்கொண்டிருக்கும் என்று கிருபாசங்கர் நினைத்தான். சசிதர் தொண்டையைச் செருமினான்.

"சரி... நானும் வர்றேன். அதைத் தனியா அனுப்ப முடியாது."

மௌனிகா கண்ணை மூடித் திறந்தாள். ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. அவன் சொன்னது 'உன்னை' இல்லை, 'அதை'. கிருபாசங்கருக்கே சுருக்கென்றது.

"அது தனியாப் போகலைங்க," என்றாள் நிதானமாக. "கூட நான் போறேன். நீங்க ஊட்டுலயே இருங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க."

போனை அணைத்தாள். போவதென்றால் ஜோடியாக என்று தீர்ப்புச் சொன்ன கூட்டத்தில் முக்கியமானவரான கனகம் எதிரிலேயே நின்றார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொன்னாலும் போகத்தான் போகிறாள் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது.

சென்னகேசவன் அக்காவின் காதோரம் போய், ஜோடியாகத்தானே போகச் சொன்னோம் என்று முனகினார்.

"வெச்ச பரஸ்தானத்தத் திரும்ப ஊட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது, தெரியுமல்ல?" என்றார் கனகம் தம்பியிடம். "வெச்சாச்சுன்னா பயணம் கெளம்பியாச்சு. யாருக்கு வெச்சேன்னு வெச்சவ எனக்குத் தெரியாதா?"

பெட்டியின் நடுவிலிருந்த குங்குமத்தை மோதிர விரலால் தொட்டு மருமகளின் நெற்றியில் வைத்தார். அழுத்தமாகவே வைத்தார். பிறகு அந்தக் கறுப்புப் பெட்டியை மேலும் கீழும் பார்த்து, ரகசியம் கேட்கிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனம்மணி, உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"பத்தாவது படிக்கறப்ப ஓட்டுனதுங்கத்தை."

"ரெண்டு வருசம் இருக்குதல்ல," என்றார் கனகம். "நல்லா ஓட்டு."